சறுக்கத் தெரியாதவங்களுக்கு

அழலம்மா, நான் எங்க அழுதேன்? இந்த ஏசி இருக்கே, மூஞ்சிக்கு நேரா அடிக்குது, கண்ணு கலங்குது, அம்புட்டுத்தான். தண்ணி போதும் தாயி, பாட்டிலை நீயே வச்சுக்க. நீயும் மதுரை விமானத்துக்குத்தானா? நல்லதாப் போச்சு. நம்ம பாஷை பேசுற முகம் ஒண்ணு தட்டுப்படாதான்னு விமானம் மாறுற இந்த ஏர்போர்ட்டு முழுக்க ஒரு சுத்து சுத்திட்டு, காலு ஓஞ்சு இப்பத்தான் வந்து உக்காந்தேன்.

கல்யாணம் ஆயிடுச்சா? இல்லையா? அட, முறைக்காத. அது என் தொழில், வாய் தானா கேட்டுப்புடும். விருதுநகர்ல இறங்கி தங்கபுஷ்பம்னு கேட்டுப் பாரு, ஆட்டோக்காரன் வீட்டு வாசல்ல கொண்டாந்து விடுவான். நான் சேத்து வச்ச ஜோடிகளை நிக்க வச்சா தெப்பக்குளத்தைச் சுத்தி நிக்கும். நீங்க என்ன ஆளுகன்னு கேக்க வந்தேன், கேக்க மாட்டேன். வெளியில வச்சு அதெல்லாம் கேக்கக் கூடாதுன்னு என் மக சொல்லியிருக்கா.

என் மக. ஒரே மக. வினோதினி. ஜெர்மனியில இருக்கா, மியூனிக்ல. அவகூட ஒரு வாரம் பனிமலையில இருந்துட்டுத்தான் வாரேன். உனக்கும் அவ வயசுதான் இருக்கும். கழுத்தைச் சாய்ச்சுக் கேக்குற பாரு, அதுகூட அவளை மாதிரியே இருக்கு. அவ இப்ப எங்கூடப் பேச மாட்டேங்குறா தாயி. பெத்தவகூடப் பேச மாட்டேங்குறா. ஊருல எல்லாத் தாய்க்காரிகளும் மக சங்கதிய எங்கிட்ட வந்து கொட்டுறாளுக, என் மக சங்கதிய நான் யாருகிட்டப் போய்க் கொட்டுறது?

இரு, முதல்ல இருந்து சொல்றேன். இல்லாட்டி நீ என்னையத் தப்பா நினைச்சுருவ.

மாப்பிள்ளை பேரு சிவபாலன். தூத்துக்குடி. கம்ப்யூட்டர் வேலை. நானே பாத்த மாப்பிள்ளை. பத்துக்கு ஒம்பது பொருத்தம், ஆளும் மூக்கும் முழியுமா இருப்பாரு. அந்தக் கல்யாணத்துக்கு அப்புறம்தான் என் தொழிலே தூக்கிருச்சு தெரியுமா? வாரவங்க எல்லாம் என்ன சொல்லுவாங்க? 'தங்கபுஷ்பக்கா, உங்க மகளுக்குப் பாத்த மாதிரி எங்க பிள்ளைக்கும் பாருங்க.' இதே பேச்சுத்தான். ஹால்ல அவங்க கல்யாண போட்டோவைப் பெருசா மாட்டியிருக்கேன். வாரவங்க முதல்ல அதைத்தான் பாப்பாங்க, பிறகுதான் ஜாதகத்தை எடுப்பாங்க.

மாப்பிள்ளையும் ஆபீஸ் கூட்டாளிங்களும் வருஷா வருஷம் ஆஸ்திரியா நாட்டு மலைக்குப் போயி ஒரு வாரம் பனியில சறுக்குவாங்க. காலுல நீளமா ரெண்டு கட்டையை மாட்டிக்கிட்டு, கையில குச்சியை ஊனிக்கிட்டு, மலை உச்சியில இருந்து சர்ருன்னு இறங்குறது. பைத்தியக்கார விளையாட்டு. இந்த வருஷம் என்னையும் வரச்சொல்லி வினோ கூப்பிட்டா. 'அம்மா, அவரு காலையில போனா சாயங்காலம்தான் வருவாரு. நீயும் நானும் மட்டும் இருக்கலாம். எனக்கு உங்கூடப் பேசணும்'னா. நான் என்ன நினைச்சேன்னா, நல்ல சேதி சொல்லப் போறான்னு நினைச்சேன். கல்யாணமாகி அஞ்சாறு வருஷம் ஆகுதுல்ல? ஜாதிக்காயும் சுக்கும் தனியாப் பொட்டலம் கட்டி எடுத்துட்டுப் போனேன், கிறுக்கி.

அந்த ஊரு பேரு என் வாயில நுழையலை. எங்க பாத்தாலும் வெள்ளை. ஹோட்டல்ல ஒரு பொண்ணு, எங்களைப் பாத்ததும், சறுக்குவீங்களான்னு கேட்டுச்சு. வினோ இல்லைன்னா. அதுக்குப் பாவமாப் போச்சு. சறுக்கத் தெரியாதவங்களுக்கும் இங்க நிறைய இருக்குன்னு கடகடன்னு ஒப்பிச்சுச்சு. குதிரை வண்டி இருக்காம், ரோப் கார் இருக்காம், திறந்தவெளியில வெந்நீர்க் குளம் இருக்காம், அகலச் செருப்பை மாட்டிக்கிட்டு பனியில நடக்கலாமாம், உருக்குன சீஸ்ல ரொட்டியை முக்கித் தின்னலாமாம். நான் சொன்னேன், ஒண்ணு விடாம எல்லாத்தையும் பாத்துருவோம்டின்னு. அவ என்னடான்னா, 'வேண்டாம்மா, சும்மா ரூம்லயே உக்காந்து பேசுவோம்'ங்குறா. அம்புட்டுத் தூரம் வந்துட்டு சுவத்தையா பாத்துக்கிட்டு உக்காருவாங்க? நீயே சொல்லு.

முதல்ல குதிரை வண்டி. சக்கரமே கிடையாது தாயி அந்த வண்டிக்கு, அடியில ரெண்டு இரும்புப் பட்டை, பனியில வழுக்கிக்கிட்டே போகுது. கம்பளியை இடுப்பு வரைக்கும் போத்தி விட்டுருவான். குதிரை கழுத்துல சலங்கை. நான் சின்னப் பிள்ளை மாதிரி சிரிச்சுக்கிட்டு வாரேன். இவ கம்பளிக்குள்ள என் கையைப் பிடிச்சுக்கிட்டா. கை சில்லுன்னு இருக்கு. 'அம்மா, என்னால அவருகூட இருக்க முடியல. நான் உங்கூட ஊருக்கு வந்துர்றேன்'னா.

பட்டுன்னு போட்டு உடைச்சுட்டா. எனக்குக் குதிரையும் தெரியல, சலங்கையும் கேக்கல. ஆனா நான் பதறலை. என் தொழில்ல பதறுனா முடியுமா? இப்படி வந்து நின்ன பிள்ளைக எத்தனை பேரைப் பாத்திருக்கேன்! எல்லாருகிட்டயும் கேக்குற கேள்விய இவகிட்டயும் கேட்டேன். குடிக்கிறாரா? இல்லை. கை நீட்டுறாரா? இல்லை. வேற பொம்பளை சகவாசமா? தெரியல, இருக்காதுன்னா. மாமியா தொல்லையா? அந்தம்மா தூத்துக்குடியில அது பாட்டுக்கு டிவி பாத்துக்கிட்டு இருக்கு. 'பிறகு என்னடி உனக்குக் குறை?'ன்னேன்.

யோசிச்சு யோசிச்சுச் சொல்றா. 'நான் ரூமுக்குள்ள வந்தா அவரு எந்திரிச்சு வெளிய போயிருவாரும்மா. சோறு வச்சா போனைப் பாத்துக்கிட்டே தின்னுட்டுப் போவாரு. நான் பேசுனா, கூட்டாளிங்க முன்னாடி, இவளுக்கு இதெல்லாம் விளங்காதுன்னு சிரிப்பாரு. நான்னு ஒருத்தி அந்த வீட்டுல இல்லம்மா'ன்னா. ஏம்மா, இது ஒரு காரணமா? எங்க வீட்டுக்காரரு எங்கிட்ட முழுசா நாலு வார்த்தை பேசி எத்தனை வருஷம் ஆச்சுன்னு எனக்கே ஞாபகம் இல்ல. இரும்புக்கடை விட்டா வீடு, வீடு விட்டா கடை. நான் வாழலையா? 'பேசாத புருசன் கிடைக்கக் கொடுத்து வச்சிருக்கணும்டி'ன்னு சொல்லி, சிரிக்க வச்சுரலாம்னு பாத்தேன். அவ சிரிக்கல. கையை எடுத்துக்கிட்டா.

அன்னைக்கு எங்க வீட்டுக்காரருக்குப் போன் போட்டுச் சொன்னேன். அந்த மனுசன் முழுசாக் கேட்டுக்கிட்டாரு. பிறகு சொல்றாரு, 'பிள்ளையைக் கூட்டிட்டு வந்துரு'ன்னு. வாயில்லாப் பூச்சிக்கு அன்னைக்கு வாய் முளைச்சிருச்சு. 'உங்களுக்கு என்ன தெரியும், நீங்க ஆணியை எடை போடுங்க'ன்னு வச்சுட்டேன். பின்ன என்ன தாயி? தங்கபுஷ்பம் மக வாழாம வந்துட்டாள்னு தெரிஞ்சா எவ என் வாசல்ல ஏறுவா? அது மட்டுமில்ல. எனக்காக மட்டும் சொல்லல. வந்து உக்காந்த பிள்ளைகளை ஊரு என்ன பாடு படுத்தும்னு எனக்குத் தெரியும். நானே எத்தனை பேர்கிட்ட, 'அது ஒருவாட்டி ஆகி வந்த பிள்ளைங்க'ன்னு குரலைத் தாழ்த்திச் சொல்லியிருக்கேன். என் மகளை இன்னொருத்தி அப்படிக் குரலைத் தாழ்த்திச் சொல்லணுமா?

மறுநாள் ரோப் கார். நம்ம பழனியில ஏறுவோம்ல, அதைவிட நாலு மடங்கு உசரம். நான் முருகா முருகான்னு உக்காந்திருக்கேன். இவ கண்ணாடி வழியா ஒரு சரிவைக் காட்டுனா. செங்குத்தா இறங்குது, பாத்தாலே தலையைச் சுத்தும். 'கல்யாணமான முதல் வருஷம் இங்கதாம்மா கூட்டிட்டு வந்தாரு. அடிவாரத்துல ஒரே ஒரு நாள் பழகியிருந்தேன். நேரா உச்சிக்குக் கூட்டிட்டுப் போயி, வா வான்னாரு. மாட்டேன்னேன். சரி, உனக்கு எப்ப வருதோ அப்ப வான்னு சொல்லிட்டு அவரு இறங்கிப் போயிட்டாரு'ன்னா.

பிறகு இவ அந்தக் கட்டைகளைக் கழட்டிக் கையில பிடிச்சுக்கிட்டு, உக்காந்த வாக்குல, குண்டியைத் தேய்ச்சுத் தேய்ச்சே மலையை விட்டு இறங்கியிருக்கா. வெளிச்சம் மங்குற வரைக்கும். பக்கத்துல சர்ரு சர்ருன்னு பிள்ளைகள்லாம் இறங்கிப் போகுது. கீழ வந்தா, மாப்பிள்ளை கூட்டாளிங்களோட காப்பி குடிச்சுக்கிட்டு இருந்தாராம். 'பாத்தீங்களா, என் பொண்டாட்டி புதுசா ஒரு சறுக்கு கண்டுபிடிச்சிருக்கா'ன்னாராம். எனக்குச் சிரிப்பு பொத்துக்கிட்டு வந்துருச்சு தாயி. குறும்புக்காரரு! பிள்ளையில இருந்தே அப்படித்தானாம், அவங்க அம்மா சொல்லியிருக்கு. நான் சிரிக்கிறேன், இவ என்னையவே பாக்குறா. 'நீயும் சிரிக்கிறியேம்மா'ன்னா. சிரிப்பு வந்தா சிரிக்காம என்ன செய்ய? நீயும் சிரிக்க மாட்டேங்குற. சரி விடு.

அன்னைக்கு அந்த உச்சியில ஒரு சூடான சாக்லேட் வாங்கிக் குடுத்தா. நான் குடிச்சேன், அவ குடிக்கல. அவ வெளிய ஒரு மூலையில நின்னு அந்தச் சரிவையே பாத்துக்கிட்டு இருந்தா.

பிறகுதான் வெந்நீர்க் குளம். அதைச் சொன்னா உனக்கே சிரிப்பு வரும். சுத்திலும் முழங்காலு உசரத்துக்குப் பனி, நடுவுல குளம் ஆவி பறக்குது. ஆணும் பொண்ணும் ஒண்ணா இறங்கி, கழுத்து வரைக்கும் தண்ணியில, தலையில மட்டும் குல்லா. நான் நைட்டியோட இறங்குறேன்னேன், அங்க நின்ன காவக்காரன் விட மாட்டேன்னுட்டான். பிறகு வினோ முழுக்கை வச்ச நீச்சல் டிரெஸ் ஒண்ணை வாங்கிட்டு வந்தா. அதை மாட்டிக்கிட்டு நான் வெளிய வந்த கோலத்தை எங்க வீட்டுக்காரரு பாத்திருந்தா கடையையே மூடிட்டு ஓடியிருப்பாரு. ஆனா தண்ணி சுகம்னா சுகம். குத்தாலத்துல குளிச்ச பிறகு அப்படி ஒரு சுகம் இப்பத்தான்.

கண்ணை மூடிக்கிட்டு சொக்கிப் போயி நிக்கிறேன். திறந்து பாத்தா எதுத்தாப்ல என் மக கழுத்து. வெறுங்கழுத்து. அதுவரைக்கும் ஸ்வெட்டரு, மப்ளரு, கோட்டுன்னு கழுத்தே வெளிய தெரியலல்ல? 'தாலி எங்கடி?'ன்னேன். தண்ணிக்கு இறங்குறதால கழட்டியிருப்பா, ரூம்ல இருக்கும்னு நானே பதிலும் சொல்லிக்கிட்டேன். இவ சொல்றா, 'ஆடி மாசம் கழட்டி பீரோவுல வச்சேம்மா. அவரு பாத்துட்டு எதுவாச்சும் கேப்பாரு, கேட்டா பேசிரலாம்னுதான் கழட்டுனேன். இன்னைக்கு வரைக்கும் அவரு கவனிக்கவே இல்ல'ன்னா.

ஆடியில கழட்டுனது. மாசி பிறக்கப் போகுது.

அவ அழலை. சாதாரணமாச் சொன்னா. கரண்டு பில்லு கட்டலைங்குற மாதிரிச் சொன்னா. எனக்குத்தான் ஆத்திரம். ஏ பிள்ளை, தாலியை வச்சா விளையாடுவன்னு அந்தத் தண்ணிக்குள்ளயே நின்னு கத்திட்டேன். குல்லாப் போட்ட வெள்ளைக்காரங்க எல்லாரும் திரும்பிப் பாக்குறாங்க. அவ சொன்னா, 'அம்மா, நான் தாலியைப் பத்திச் சொல்லலம்மா.' அதையே திரும்பத் திரும்பச் சொன்னா. பிறகு எதைப் பத்திச் சொன்னாளாம்? எனக்கு அன்னைக்கு விளங்கல.

கடைசியில ஒண்ணு கேட்டா. 'நானே அவருகிட்டச் சொன்னா சிரிப்பாரும்மா. நீ சொல்லுறியா? என்னைய ஊருக்குக் கூட்டிட்டுப் போறேன்னு நீ சொல்லுறியா?'ன்னு கேட்டா. நான் தலையை ஆட்டுனேன். 'நாளைக்கு மதியம் உச்சியில எல்லாரும் சாப்பிட வருவாங்கல்ல, அங்க வச்சு மாப்பிள்ளைகிட்ட நான் பேசிக்கிறேன், நீ ஒண்ணுக்கும் கவலைப்படாத'ன்னேன். பொய் சொல்லலையே தாயி. பேசத்தானே போனேன்.

எங்கிட்ட ஒரு கைவைத்தியம் உண்டு. கோவிச்சுக்கிட்டு தாய் வீட்டுக்கு வந்துர்ற பிள்ளைகளை நான் அப்படியே விட்டுர மாட்டேன். நல்ல நாள் பாத்து, மாரியம்மன் கோயிலுக்குப் புருசனையும் வரச்சொல்லி, புது மஞ்சக் கயித்துல விரலி மஞ்சளைக் கோத்து, அம்மன் சந்நிதியில மறுபடியும் கட்டச் சொல்லுவேன். நாலு பேரு பாக்க ஒரு ஆம்பளை ரெண்டாவது தடவை தாலி கட்டுனா அவன் மனசு மாறும். பிள்ளையும் கூச்சப்பட்டுக்கிட்டுத் தலையைக் குனிஞ்சுக்கிட்டுப் போயிரும். இதுவரைக்கும் ஒருத்தி மட்டும்தான் மறுபடி திரும்பி வந்தா. அவளும் உயிரோட வரல. அது அவ தலையெழுத்து, அதுக்கு நான் என்ன செய்ய?

மஞ்சளும் கயிறும் எப்பவும் என் கைப்பையில கிடக்கும். காலையில சாப்பிடுற இடத்துல மாப்பிள்ளையைத் தனியாப் பிடிச்சேன். இவ தாலியைக் கழட்டுனதைச் சொல்லல, வேண்டுதல்னு சொன்னேன். ரொட்டியில வெண்ணெய் தடவிக்கிட்டே கேட்டாரு. 'உங்களுக்குச் சந்தோசம்னா சரி அத்தை, ஆனா மேல வச்சே முடிச்சிருங்க, அதுக்காக நான் கீழ இறங்கி வர முடியாது, பனி இன்னைக்கு அருமையா இருக்கு'ன்னாரு. தங்கமான மனுசன். எந்த மாப்பிள்ளை இப்படிச் சட்டுன்னு ஒத்துக்குவான்?

அன்னைக்கு என் மக இருந்த இருப்பைப் பாக்கணுமே! தலைக்குக் குளிச்சு, சடை பின்னி, நல்ல கோட்டு எடுத்துப் போட்டா. 'அம்மா, பசிக்குதும்மா'ன்னு ரெண்டு முட்டை கேட்டு வாங்கித் தின்னா. ரோப் கார்ல என் தோள்ல சாஞ்சுக்கிட்டு, ஊருக்கு வந்ததும் முதல்ல பரோட்டாக் கடைக்குப் போகணும்னா. பழையபடி என் பிள்ளையைப் பாத்த மாதிரி இருந்துச்சு. அந்தச் சிரிப்பைப் பாத்ததும், பரவாயில்ல, காரியம் கைகூடப் போகுதுன்னு நினைச்சேன். அவ எதுக்குச் சிரிச்சா, நான் எதுக்குச் சந்தோசப்பட்டேன்! கடவுளே.

மேல, வெட்டவெளியில பெஞ்சு போட்டிருப்பான். மாப்பிள்ளையும் கூட்டாளிங்களும் தலையில ஹெல்மெட்டு, காலுல இரும்பு மாதிரி பூட்ஸு, தொம்மு தொம்முன்னு நடந்து வந்தாங்க. வினோ என் கையை இறுக்கிப் பிடிச்சிருக்கா. 'சொல்லும்மா, சொல்லும்மா'ன்னு மெதுவாக் காதுல சொல்றா. நான் பையில இருந்து கயித்தை எடுத்தேன்.

அவ முதல்ல கயித்தைப் பாத்தா. பிறகு என்னையப் பாத்தா. அப்பத்தான் அந்தக் கை என் கையை விட்டுச்சு.

அவ ஒரு வார்த்தை எதுத்துப் பேசல தாயி. பேசியிருந்தா நான் நிறுத்தியிருப்பேன். நிறுத்தியிருப்பேனான்னா… நிறுத்தியிருப்பேன். கூட்டாளிங்க எல்லாம் இந்தியக் கல்யாணம் இந்தியக் கல்யாணம்னு போனைத் தூக்கிட்டாங்க. நம்ம கெட்டிமேளத்துக்குப் பதிலா, குச்சிகளைப் பெஞ்சு மேல தட்டுறாங்க, பூட்ஸ் காலால தரையை மிதிக்கிறாங்க. மாப்பிள்ளை கையுறையைக் கழட்டிட்டு, சிரிச்சுக்கிட்டே கயித்தை வாங்கினாரு. விரல் விறைச்சுப் போயி முடிச்சு போட வரல. ஒரு முடிச்சு அவரு போட்டாரு. மத்த ரெண்டும் நாத்தனார் போடணும், நாத்தனாருக்கு எங்க போக? நானே போட்டேன். அவுந்துரக் கூடாதுன்னு இறுக்கிப் போட்டேன். அவ கழுத்து நடுங்குது. பனிக்காத்துன்னு நினைச்சுக்கிட்டே போட்டேன்.

அவ கண்ணுல இருந்து தண்ணி கொட்டுது. பாத்தவங்க எல்லாம் ஆனந்தக் கண்ணீருன்னு கை தட்டுறாங்க. நானும் அழுதுட்டேன். மாப்பிள்ளை ஒரு வாய் ஆரஞ்சு ஜூஸைக் குடிச்சுட்டு, 'ஆச்சா அத்தை?'ன்னு கேட்டுட்டு, ஹெல்மெட்டை மாட்டிக்கிட்டு, சர்ருன்னு இறங்கிப் போயிட்டாரு. கூட்டாளிங்களும் பின்னாலயே போயிட்டாங்க. சறுக்கத் தெரியாத நாங்க ரெண்டு பேரும்தான் அந்த உச்சியில நின்னோம்.

'வாடி, நாமளும் போய் ஏதாச்சும் சூடாக் குடிப்போம்'னேன். 'நீ குடிம்மா'ன்னா. அம்புட்டுத்தான் அவ எங்கிட்டக் கடைசியாப் பேசுன பேச்சு. மிச்ச நாளெல்லாம் கேட்டதுக்கு ம்னு ஒரு சத்தம், இல்லைன்னா அதுவும் கிடையாது. அகலச் செருப்பைப் போட்டு நடக்கப் போனோம், அவ எனக்கு முன்னால ரொம்ப தூரத்துல நடந்தா. பனியில அவ கால் தடத்துலயே நான் காலை வச்சு வச்சு நடந்தேன். கூப்பிட்டேன், திரும்பல. சீஸ் சாப்பிடவும் போனோம். எனக்கு அது பிடிக்கல.

ஆனா கயித்தை அவ கழட்டல. நான் தினமும் காலையில பாத்தேன். கழட்டலைங்குறதே எனக்குப் பெரிய நிம்மதியா இருந்துச்சு. சரி, கோவம் தணியட்டும், ஒரு பிள்ளை பிறந்தா எல்லாம் சரியாப் போகும்னு நினைச்சுக்கிட்டேன்.

மியூனிக்குக்குத் திரும்பி, நேத்து ஏர்போர்ட்டுக்கு அவதான் ரயில்ல கூட்டிட்டு வந்தா. கையில ஒரு நீலப் பெட்டி. யாருக்குடின்னேன், அவ பாட்டுக்கு அதை உருட்டிக்கிட்டு நடந்தா. உள்ள போற இடத்துல, அத்தனை பேரு பாக்கத் தரையில விழுந்து என் காலைத் தொட்டுக் கும்பிட்டா. அப்படியெல்லாம் விழுற பிள்ளை இல்ல அவ. எனக்கு நெஞ்சு நிறைஞ்சு போச்சு. 'தீர்க்க சுமங்கலியா இரு'ன்னு ஆசீர்வாதம் பண்ணுனேன். எந்திரிச்சு என் மூஞ்சியப் பாத்தா. ரொம்ப நேரம் பாத்தா. அன்னைக்கு மலையில கயித்தை எடுத்தேன்ல, அதுக்கப்புறம் அப்பத்தான் அவ என்னைய நேருக்கு நேர் பாத்தா.

இங்க வந்து இறங்கி, போனைத் திறந்ததும் மாப்பிள்ளை கூப்பிட்டாரு. 'அத்தை, போய்ச் சேந்துட்டீங்களா? வினோகிட்டப் போனைக் குடுங்க, கார் சாவியை எங்க வச்சாள்னு கேக்கணும்'னாரு. எனக்கு ஒண்ணும் விளங்கல. அவ எங்கூட வரலையே மாப்பிள்ளைன்னேன். 'வரலையா? பெட்டியெல்லாம் எடுத்துட்டுப் போனாளே, உங்ககூடத்தான் ஊருக்குக் கிளம்பிட்டாள்னு நினைச்சேன்'னாரு. பொண்டாட்டி பெட்டியைத் தூக்கிட்டுப் போறதைப் பாத்துருக்காரு தாயி. எங்க போறன்னு ஒரு வார்த்தை கேக்கல. அப்பத்தான், குளத்துல அவ சொன்னது எனக்கு விளங்குச்சு. சாவி மேசை டிராயர்ல இருக்கும் பாருங்கன்னு சொல்லி வச்சுட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன்? எனக்கு என்ன தெரியும் அந்த வீட்டுச் சாவியைப் பத்தி!

உயிரு எங்கிட்ட இல்ல. எங்க வீட்டுக்காரருக்குப் போட்டேன். அவரு நிதானமாச் சொல்றாரு, 'வினோ பேசுனா. பத்திரமா இருக்கா. வேற ஊருல ஒரு பொம்பளைப் பிள்ளைகூடத் தங்கியிருக்கா. வேலையும் பாத்து வச்சிருக்கா'ன்னு. எந்த ஊரு, அட்ரஸைக் குடுங்க, நான் இப்படியே திரும்பிப் போறேன்னேன். 'உங்கிட்டச் சொல்லக் கூடாதுன்னு என்கிட்டச் சத்தியம் வாங்கிட்டா தங்கம், நான் சொல்ல மாட்டேன்'னாரு. அந்த மனுசன் என்கிட்ட எதையும் மறைச்சது கிடையாது. மறைக்கிற அளவுக்கு எங்க பேசுனாரு? 'அவ உன்கிட்டத்தான் முதல்ல வந்தா'ன்னு சொல்லிட்டு அழுதாரு. கடையில ஆளு இருக்கு, அவரு பாட்டுக்கு அழுறாரு.

விருதுநகர்ல என்ன சொல்லணும்னுதான் முதல்ல யோசிச்சேன். உன்கிட்ட மறைக்க என்ன இருக்கு. ஹால் போட்டோவைக் கழட்டுறதா வேண்டாமான்னு யோசிச்சேன். அப்படியே யோசிச்சுக்கிட்டே வந்து இந்தச் சீட்டுல உக்காந்தேன், உக்காந்ததும் ஏசிக்காத்து கண்ணுல அடிச்சுது. இல்ல தாயி. ஏசி இல்ல. நான்தான் அழுதேன்.

அவளுக்கு நான் போன் போட்டா எடுக்க மாட்டேங்குறா. பத்து தடவை போட்டுட்டேன், இருபது தடவை போட்டுட்டேன். உன் போன்ல இருந்து ஒரு தடவை போடுறியா? புது நம்பர்னா எடுப்பா, வேலை விசயமா யாரோன்னு எடுப்பா. இந்தா, நம்பர் இது. என் பேரைச் சொல்லிராத. பக்கத்துல இருக்காங்கன்னும் சொல்லிராத, வச்சுருவா. யாருன்னு கேட்டா ஏதாச்சும் சொல்லு, நீ படிச்ச பிள்ளை, உனக்குத் தெரியும்.

மணி அடிக்குதா? எடுத்துட்டாளா? நான் பேசலை, நான் பேசவே மாட்டேன். கழுத்துல அந்தக் கயிறு இன்னும்… வேண்டாம். அதைக் கேக்காத. அதைக் கேக்காத தாயி. சாப்பிட்டாளான்னு மட்டும் கேளு.